ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரைத் தேடி: பீன்யாவிலிருந்து ஃபிரேசர் டவுன் வரை

பெங்களூர் பல் டாக்டர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊரைக் கைவிட்டுவிடுகிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள், தாடை வீங்கிய ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலையில் யஷ்வந்தபுரத்திலிருந்து மல்லேஸ்வரம் வரை நடந்து பார்க்கலாம். நான் நடந்தேன். ஏழு போர்டு, ஏழு பூட்டு.

இந்த வலைப்பதிவில் வழக்கமாக மலை, கோட்டை, அருவி என்று எழுதுவேன். இதுவும் மலைக்குக் கிளம்பிய பயணம்தான். 2006 ஜூலை, மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகங்கை மலை ஏறலாம் என்று நானும் ஏழுமலையும் திட்டம் போட்டிருந்தோம். கிருஷ்ணகிரி ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். நான் ஜீவனஹள்ளியில் தங்கி ஒரு கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அவன் பீன்யாவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். சிவகங்கைக்குப் போகும் பஸ் பீன்யா வழியாகத்தான் போகும், அவனை அங்கே சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு.

காலை 6.40க்கு ஜீவனஹள்ளியில் பஸ் ஏறினேன். மெஜஸ்டிக்கில் மாறி, பீன்யாவில் அவன் அறைக்குப் போய்ச் சேரும்போது 8.15. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்துப் பதினைந்து ரூபாய். கதவைத் திறந்த அறைத்தோழன் சொன்னான்: "வா மச்சான். உன் ஃபிரெண்டுக்கு பெங்களூர் தண்ணி ஒத்துக்கிச்சு. ஆனா ஒரு கன்னத்துக்கு மட்டுந்தான்."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது தாடை காதிலிருந்து கழுத்து வரை ஒரே மேடாக இருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு துண்டில் துப்பிக்கொண்டிருந்தான். "மலைக்கு வேணாம்டா" என்றான். வாய் நிறைய சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவன் குரல்போல இருந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை அவன் போனில் பேசியபோது கடைவாய்ப்பல் குத்துகிறது என்று சொல்லியிருந்தான். கிராம்புத் தைலம் வை, ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினால் சரியாகிவிடும் என்றேன். அதைச் சொல்லிவிட்டு ஷூ வாங்குவதைப் பற்றிப் பேசினேன்.

8.40க்கு வெளியே வந்தோம். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரைதான் கொடுத்தார்கள், அதை அவனால் விழுங்க முடியவில்லை. யஷ்வந்தபுரம் வரை ஆறு கிலோமீட்டர் பஸ். அங்கிருந்து மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடை. வழியில் கண்ணில் பட்ட ஒவ்வொரு பல் போர்டின் கீழும் நின்றோம். ஒரு வீட்டில் டாக்டரே மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கீழே நின்று இவன் கன்னத்தைக் காட்டினேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு வரும்படி கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனார்.

நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பல் வலிக்கு யார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? எங்களுக்கு அது தோன்றவே இல்லை. கை நசுங்கினால், நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரி. பல் என்றால் பிடுங்குகிற இடம். இப்படி நினைத்து இரண்டு மணி நேரத்தை வீணாக்கினோம்.

எட்டாவது கிராஸ் முனையில் நின்ற ஆட்டோக்காரர் எங்களை ஒரு நிமிடம் பார்த்தார். பெயர் பாஷா என்று பிறகு சொன்னார்.

"கியா பாய், பல்லா?"

"ஆமாண்ணா. எங்கயும் திறந்தே இல்ல."

"சண்டே மல்லேஸ்வரத்துல தேடுனா எப்படிக் கிடைக்கும்? வெள்ளிக்கிழமை லீவு உடுற டாக்டரப் பாரு பாய். ஃபிரேசர் டவுன்ல ஜும்மாவுக்கு மூடுவாங்க. சண்டே ஃபுல் ஓப்பன்."

ஜீவனஹள்ளியிலிருந்து காக்ஸ் டவுனைத் தாண்டினால் ஃபிரேசர் டவுன். என் அறையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட வராது. வெள்ளிக்கிழமை மதியம் அங்கே கடைகள் மூடியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். மூடியவர்கள் வேறொரு நாள் திறந்திருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒன்பது கிலோமீட்டர், மீட்டரில் 58 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். பாஷா மேலே ஒரு பைசா கேட்கவில்லை. வழியெல்லாம் ஏழுமலையைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "எனக்கு இந்த மாதிரி வீங்கினப்போ பொண்டாட்டி மூணு நாள் சந்தோஷமா இருந்தா பாய். வீட்ல ஒரு சத்தம் இல்ல." ஏழுமலை சிரிக்க முயன்றான். சிரிக்க வாய் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மசூதிச் சாலையில் ஒரு ஷூ கடைக்கு மேலே அந்தக் கிளினிக். கதவில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று எழுதியிருந்தது. உள்ளே பன்னிரண்டு பேர். இவனைப் பார்த்ததும் முன்னால் இருந்த அம்மா எழுந்து வழி விட்டார். டாக்டருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. பல்லை விட்டுவிட்டு முகவாய்க்கு அடியில் அழுத்திப் பார்த்தார். இடது பக்கம், பிறகு வலது பக்கம். வலது பக்கமும் கட்டை மாதிரி இறுகியிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"சூடு வெச்சியா?"

ஏழுமலை இல்லை என்று தலையாட்டினான். அவர் நம்பாத மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது. பிறகு அவனே விட்டுவிட்டுச் சொன்னான். மெஷினை ஓட்டத் தொடங்கும்போது அதன் மூக்குக் குழாயிலிருந்து உருகிய பிளாஸ்டிக் கட்டியாக வழிந்து விழும். அதை மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியில் சுருட்டினால் அரைமணி நேரம் சூடு தாங்கும். தோள் வலி, இடுப்பு வலி எதுவானாலும் அங்கே எல்லோருக்கும் அதுதான் ஒத்தடம். மெஷினை நிறுத்தவும் வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம். இவன் நான்கு நாள் அதைக் கன்னத்தில் கட்டிக்கொண்டு ஷிப்ட் பார்த்திருக்கிறான்.

"உள்ள சீழ் இருக்கும்போது வெளிய சூடு வெச்சா பரவும்பா. யாரும் சொல்லலையா?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "புதன்கிழமையே வந்திருந்தா பல்லப் பிடுங்கி மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பேன். நாலு நாள் என்ன பண்ணுன?"

"கேட் பாஸ் தரல சார்."

"என்னது?"

"ஷிப்ட் நடுவுல வெளிய போக சூப்பர்வைசர் கையெழுத்து வேணும். பல்லுதான, ஞாயித்துக்கெழம போய்க்கோன்னு சொல்லிட்டாரு."

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இது இப்ப பல் விஷயம் இல்ல, மூச்சு விஷயம். வீக்கம் நாக்கை மேல தள்ளுது. இன்னும் கொஞ்சம் இறங்கினா மூச்சுக்குழாய் அடைச்சிடும். படுக்க வைக்காத, உட்கார வெச்சே கூட்டிட்டுப் போ. தண்ணி கூட குடுக்காத." ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். பாஷா கீழே காத்திருந்தார். காத்திருக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். "உன் மூஞ்சி பாய்" என்றார்.

11.50க்கு ஆஸ்பத்திரி. கடிதத்தைக் காட்டியதும் நேராக உள்ளே கூட்டிப்போனார்கள். பணியில் இருந்த பெண் டாக்டர் ஒரு படிவத்தை நீட்டினார். மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடலாம், அதனால் விழித்திருக்கும்போதே தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுக்க வேண்டும். அதற்கும் வழி இல்லையென்றால் மூச்சு விடக் கழுத்தில் துளை போட வேண்டியிருக்கும். ரத்த சொந்தம் யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க யாரு?"

"தம்பி" என்றேன். அவன் அப்பா அம்மா ஊத்தங்கரைக்குப் பக்கத்தில், போன் இல்லாத வீட்டில் இருந்தார்கள். ஏழுமலை என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "கழுத்துல வேணாம்னு சொல்லுடா" என்றான். அவனைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

12.30க்கு ஆபரேஷன் அறையின் கதவு மூடியது. உள்ளேயிருந்து அவன் கத்துவது கேட்டது. கத்துகிறவரைக்கும் மூச்சு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது. அந்த நேரத்தை நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை. 1.20க்கு டாக்டர் வெளியே வந்து, துளை தேவைப்படவில்லை, பல்லையும் எடுத்தாயிற்று என்றார். உள்ளே போனபோது தாடைக்கடியில் இரண்டு ரப்பர் குழாய்களோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நடுவிரலைக் காட்டினான். கையெழுத்துக்காக.

இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பல் வலியோடு தாடைக்குக் கீழ் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, குரல் மாற்றம், இதில் எது வந்தாலும் பல் போர்டைத் தேடாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெறும் வலி என்றால், ஞாயிற்றுக்கிழமை ஃபிரேசர் டவுன், சிவாஜிநகர் பக்கம் போங்கள். வெள்ளி லீவு விடுகிறவர்கள் இருப்பார்கள். கன்னத்தில் சூடு வைக்காதீர்கள். உங்கள் ஏரியாவில் எந்த டாக்டர் எந்த நாள் மூடுகிறார் என்று வலி வருவதற்கு முன்பே ஒரு நடை பார்த்து வையுங்கள். அருவிக்குப் போக வழி கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் இதையும் ஒரு பயணமாக நினைக்கலாம்.

முதல் வரியில் பல் டாக்டர்களைத் திட்டினேன். அதை அழிக்கப்போவதில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றியவருக்காக அது இருக்கட்டும். ஆனால் அவர் கைவிட்டது ஒரு நாள். அதற்கு முந்தைய நான்கு நாளும் ஊரில் எல்லா டாக்டரும் திறந்துதான் வைத்திருந்தார்கள். இவனால் வெளியே வர முடியவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை வார்டுக்குப் போனேன். ஏழுமலைக்குப் பேச அனுமதி இல்லை. என் கையில் இருந்த பேப்பரின் ஓரத்தில் எழுதினான்: மணிக்கும் பல்லு, அவனும் சூடு வெச்சிட்டு இருக்கான், போய்ச் சொல்லு. மணி அவனோடு அதே மெஷினில் வேலை பார்ப்பவன்.

10.50க்குக் கம்பெனி கேட்டில் நின்றேன். சூப்பர்வைசர் வெளியே வந்தார், சேலத்துக்காரர். நான் நீட்டிய ஏழுமலையின் மெடிக்கல் சர்டிபிகேட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

"எப்படி இருக்கான் ஏழுமலை? பல்லுக்குப் போய் இவ்ளோ பண்ணுவான்னு யாருக்குத் தெரியும் தம்பி."

"உள்ள மணின்னு ஒருத்தர் இருக்காரு சார். அவருக்கும் அதே வலி. இப்ப அனுப்புங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஷிப்ட் ரெண்டு மணிக்கு முடியுது."

"இப்ப சார்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே யாரோ கூப்பிட, திரும்பி நடந்தார். செக்யூரிட்டி சின்னக் கதவைச் சாத்தினார். நான் கம்பி வழியாகக் கத்தினேன்:

"மணிய வெளிய அனுப்புங்க சார்!"