பேராச்சி அழித்த கொம்பு

மூன்றாம் முறை எழுதிப் பத்தாம் வகுப்பில் தேறினாள். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக அப்பாவோடு எட்டு மாதம் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கினாள். பழைய சினிமாப் படங்களைச் சீராக்கும் செம்பூர்க் கூடத்தில், நூற்றுப் பத்துப் பேர் வந்த தேர்வில் ஒரு நாற்காலியைப் பிடித்தாள். தாராவிப் பேராச்சி முப்பத்தொரு வயதுக்குள் வென்றவை இவ்வளவுதான். அதற்குள் கண்ணும் கழுத்தும் ஓய்ந்துவிட்டன.

அங்கே படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். சத்தமும் இருக்காது, கதையும் தெரியாது. ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படம். ஒவ்வொன்றிலும் தூசியையும் கீறலையும் அழிக்க வேண்டும். முடிந்த வேலைக்கு மேலாளர் கிருஷ்ணா மட்டுமே கையெழுத்திடுவார்.

அந்த முறை வந்தது போர்க்காலத்து ஜப்பானிய கார்ட்டூன். ஒரு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது. பேராச்சியின் துண்டில் ஒரு சிப்பாய் கைகளைத் தூக்கி அசையாமல் மண்டியிட்டிருந்தான். அவன் உச்சந்தலையில் செங்குத்தாக ஒரு சின்னக் கோடு. படச்சுருள் ஓடும்போது விழும் கீறலும் படத்துக்குப் படம் அப்படித்தான் தொடரும். கீறல் என்றே எண்ணி முந்நூற்றுப் பன்னிரண்டு படத்திலும் அழித்தாள். ஒன்பது நாள் ஆனது.

ஒப்படைப்பதற்கு முந்தைய நாள், சாப்பிடும்போது கிருஷ்ணா சொன்னார்: “பழத்துல பொறந்த பையன் நாய், குரங்கு, பறவையைக் கூட்டிண்டு அரக்கத் தீவுக்குப் போவான். அங்க குழந்தைகளுக்குச் சொல்ற கதை. சண்டை வந்ததும் எதிரி நாட்டுக்காரன்தான் அரக்கன்னு மாத்திட்டா. தலையில கொம்புகூட வரைஞ்சிருப்பா, பாத்தியோ?”

தான் அழித்த கோடுதான் அந்தக் கொம்பு என்று பேராச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் எழுந்து போனதும், பக்கத்து நாற்காலி ஜெபசெல்வியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“ஏட்டி, சும்மா கெட. இந்த மாசம் உனக்கு கான்ட்ராக்ட் முடியுது. ஒத்தைக் கொம்பை எவன் தேடப் போறான்? இப்பத்தான் அவன் மனுசன் மாதிரி இருக்கான்” என்றாள் ஜெபசெல்வி.

பேராச்சிக்கும் அவனைக் கொம்பில்லாமல்தான் பிடித்திருந்தது. மறுபடி அதே ஒன்பது நாளை நினைத்தாலே கழுத்து வலித்தது. ஆனாலும் கிருஷ்ணாவிடம் போய்ச் சொன்னாள்.

“முன்னூத்திப் பன்னெண்டுமா? அரே பகவான்! நாளைக்கு டெலிவரிம்மா. மனுஷனாவே இருந்துட்டுப் போகட்டுமே.”

“கொம்பு வச்சது அவங்கண்ணே. நான் அதை அழிச்சா, வச்சவங்க நல்லவங்களாயிருவாங்க.”

கிருஷ்ணா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி, தேதியைத் தள்ளச் சொல்றேன். ஆனா இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அறிக்கையை நீயே எழுதி, நீயே போடு.”

கை வைக்காத மூலப் பிரதியை எடுத்து, முதல் படத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். கொம்பை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த தூசியை மட்டும் எடுத்தாள். ஒப்பந்தத்தை மூன்றே மாதம் நீட்டினார்கள். அறிக்கையில், கீறல் என்று தவறாக அழித்த கொம்பு பழையபடி வைக்கப்பட்டது என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். செய்த வேலைக்கு அவள் போட்ட முதல் கையெழுத்து அது. 14 மார்ச் 2024.