முட்டிக்காக நடந்த கல்யாணம்

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கியவள் நான். இதை நானாகச் சொல்ல வேண்டியதே இல்லை. தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டுக்குக் காத்திருக்கும் எவரிடமும் அப்பாவே சொல்லிவிடுவார். ஆனாலும் நானும் சொல்லிக்கொள்வேன். பிறகு எதற்குப் படித்தேன்? பட்டத்தோடு ஒரு பதவியும் கூடவே வந்தது. அரசாங்கச் சின்னம் போட்ட உறை எது வந்தாலும் நான்தான் பிரித்துப் படித்து, வீட்டுக்கு விளக்க வேண்டும். மின்கட்டணத்தைக்கூட நான் படித்தால்தான் அப்பா நம்புவார்.

என் விளக்கத் திறமைக்குப் பெரிய சோதனை அம்மாவின் முட்டி வழியாக வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் கேன்டீன் ஒன்றில் வருடக்கணக்காக நின்று சமைத்தவர் அம்மா. வலது முட்டி தேய்ந்துபோய்விட்டது. தடவாத தைலம் இல்லை. கடைசியில் அரசு மருத்துவமனை நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டு, மாற்றிவிடலாம் என்றார். அறுவைக்கு அதிகச் செலவில்லை. அதற்கு நாள்கூடக் கொடுத்துவிட்டார். ஆனால் உள்ளே வைக்கும் செயற்கை மூட்டை நோயாளிதான் வாங்கித் தர வேண்டுமாம். விலையைக் கேட்டதும் அப்பா தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"குடுத்த தேதிக்குள்ள மூட்டுக்கு ஏற்பாடு பண்ணலன்னா, பேரு வரிசையில கடைசிக்குப் போயிரும். அப்புறம் அடுத்த வருஷமோ என்னமோ," என்று தாதி சொல்லி அனுப்பினார்.

ஆக, அம்மா நடப்பதா நொண்டுவதா என்பது இப்போது என் இலாகாவுக்கு வந்து சேர்ந்தது. நான் உற்சாகமாகிவிட்டேன். ஓய்வுபெற்றவர்களுக்கு என்னென்ன வழிகள் உண்டு என்று இரண்டு வாரம் தேடினேன்.

முதலில் கீழ்வீட்டு அண்ணனிடம் போனேன். மருத்துவக் காப்பீட்டு ஏஜண்டு அவர். எங்கள் மாடியில் யாராவது தும்மினால் சட்டையை மாட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவார்.

"அம்மாவுக்கு ஒரு மெடிக்கல் கார்டு எடுக்கலாமாண்ணே?"

"எடுக்கலாம்லா, ஏன் முடியாது? முட்டிய மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் கவர் ஆவும்."

"முட்டிதானேண்ணே வலிக்குது?"

"வலிக்குறதுனாலதான்மா அத விடுறாங்க."

வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத் திட்டம் ஒன்று இருந்தது. அதில் எங்கள் பெயரைத் தேடினேன், இல்லை. நான் படித்து, வேலைக்குப் போய், சம்பளம் வாங்கியதால் எங்கள் குடும்பம் ஏழ்மைக் கோட்டைத் தாண்டிவிட்டதாம். எங்களை அந்தக் கோட்டுக்கு இப்பால் இழுத்துவந்தது நான்தான் என்பதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா முட்டியில் வெந்நீர்த் துணியை வைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்மா," என்றார்.

மூன்றாவது வழிதான் தங்கவழி. அப்பா அரசாங்க இலாகா ஒன்றில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். அவரிடம் பென்சன் கார்டு இருந்தது. அதை அவர் பணப்பையில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்தக் கார்டு இருந்தால் ஓய்வுபெற்றவருக்கும் அவர் மனைவிக்கும் இப்படிப்பட்ட மூட்டை அரசாங்கமே வாங்கித் தரும்! சாப்பாட்டு மேசையில் இருவரையும் உட்காரவைத்து, மடிக்கணினியைத் திறந்து விளக்கினேன். அப்பா நடுநடுவே தலையாட்டினார். முடித்ததும், "படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதான்," என்றார். அன்று ராஜநடை நடந்தது நான் மட்டும்தான். அம்மாவால் நடக்க முடியவில்லை.

மறுநாள் மருத்துவமனை முகப்பில் இருந்தது ஒரு தமிழ் அக்கா. அப்பாவின் கார்டைப் பார்த்தார். அடையாளக் கார்டுகளைப் பார்த்தார். எல்லாம் சரி என்றார்.

"மேரேஜ் சர்டிபிகேட் காப்பி ஒண்ணு குடுங்கம்மா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கொஞ்சமும் தயங்காமல் தாலியை எடுத்து வெளியே போட்டுக் காட்டினார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். "அத போட்டோஸ்டாட் எடுக்க முடியாதேம்மா. பதிவு பண்ணலியா?"

"கோயில்ல நடந்துச்சுங்க," என்றார் அப்பா. "ரெண்டு பஸ் நிறைய ஆளு வந்தாங்க. ஆல்பம் இருக்கு, கொண்டுவரட்டுமா?"

"ஆல்பம் வேணாங்க. கவர்மெண்டுக்கு இவங்க உங்க வைஃபுன்னு தெரியணும்."

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். பதிவு என்று ஒன்று இருப்பது அப்போதே தெரியும் என்றார் அப்பா. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு 'ரிஜிஸ்டர் கல்யாணம்' என்றாலே வேறு அர்த்தம். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போகிறவர்கள்தான் பதிவு அலுவலகம் போவார்கள். அப்பா பதிவு பண்ணலாமா என்று கேட்டபோது, பெரியப்பா தட்டையே தள்ளிவிட்டு எழுந்துவிட்டாராம். "நாம என்ன பொண்ணத் தூக்கிட்டா வந்தோம்? நாலு பேரு முன்னால கவுரவமா கட்டுறோம்!" என்றாராம். கவுரவம் அதோடு உறுதியாகிவிட்டது, பதிவுதான் விட்டுப்போனது.

"ஓடிப்போனவளுங்க எல்லாம் இன்னிக்கு முட்டிய மாத்திக்கிட்டு ஜாலியா நடக்குறாளுங்க," என்றார் அம்மா. "கவுரவமா கட்டிக்கிட்டவ நொண்டுறேன்."

இனி வழி ஒன்றுதான்: சட்டப்படி புதிதாகக் கல்யாணம் செய்ய வேண்டும். அறுவைத் தேதிக்குள் முடித்துவிடலாம், நாள் கொஞ்சம் இறுக்கம்தான் என்று நான் கணக்கிட்டேன். அப்பா ஒரே நிபந்தனை வைத்தார்: தீவில் மட்டும் வேண்டாம். பதிவுக்கு முன் இருவர் பெயரையும் அலுவலகப் பலகையில் சில வாரம் ஒட்டிவைப்பார்கள் என்று நான் விளக்கியிருந்ததுதான் வினையாகிவிட்டது.

"எனக்குத் தெரியாத ஆளு இந்த ஊருல இருக்கானா? பலகையில பேரப் பாத்துட்டு, இந்த வயசுல இவனுக்குப் பொண்ணு கேக்குதான்னு சொல்ல மாட்டானுங்க?"

அதனால் கடலைத் தாண்டி அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸ் போனோம். அங்கே மலாய்ப் பெண் அதிகாரி ஒருவர், மரியாதைக்கு 'புவான்' என்று அழைக்க வேண்டியவர். விண்ணப்பத்தை நிரப்ப மலாயில் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன்.

"இதற்கு முன் திருமணம் ஆகியிருக்கிறதா?"

"ஆச்சு," என்றார் அப்பா.

"யாரோடு?"

"இவளோடதான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கோயில், பஸ், பெரியப்பா எல்லாவற்றையும் சொன்னேன். இது அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டு, இருவர் பெயருக்கும் நேராக 'பூஜாங்' என்று எழுதினார். மணமாகாதவர் என்று அர்த்தம். திரும்பி வரும் வழி முழுக்க அம்மா அப்பாவிடமிருந்து ஒரு இருக்கை தள்ளியே உட்கார்ந்திருந்தார். "கல்யாணம் ஆகாத பொண்ணு. நாலு பேரு தப்பாப் பேசுவாங்க," என்றார்.

கல்யாணத்தன்று சாட்சிகள் இருவர் வேண்டும். ஒருத்தி நான். பெற்றவர்களின் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு எங்கள் வம்சத்தில் படித்தவள் வேறு யார்? இன்னொருவர் கீழ்வீட்டு அண்ணன். எங்களுக்கு ஒரு கார்டுகூட விற்க முடியாமல் போனாலும் கார் ஓட்டிவந்தார், நல்ல மனிதர். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தார். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். அதிகாரி முதலில் அப்பாவிடம் கேட்டார்: மனமார ஏற்கிறீர்களா? அப்பா உரக்க ஏற்றார். அடுத்து அம்மாவிடம்.

அம்மா நாற்காலி கேட்டார். உட்கார்ந்தார். முட்டியை நீட்டிக்கொண்டார்.

"இருங்க," என்றார். "ஏங்க, ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரத்துக்கு ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. யாரு சோறாக்குறது?"

"கடையில வாங்கிக்கலாம்," என்றார் அப்பா.

"ஆறு வாரமும் கடையிலயா? என் பிரஷருக்கு அது ஒத்துக்குமா?"

"அப்ப பாப்பா ஆக்கட்டும்."

"பாப்பாவுக்கு விளக்கத்தான் தெரியும்."

அண்ணன் பக்கத்தில் இருமினார். நான் என் கைப்பையில் எதையோ தேடினேன்.

"இத வீட்டுல கேக்கக் கூடாதா?" என்று அப்பா பல்லைக் கடித்தார். "இங்க வந்தா கேப்ப?"

"வீட்டுல கேட்டா டிவிய சத்தமா வச்சுருவீங்க. இங்க கேட்டா ரெண்டு சாட்சி இருக்கு."

அதிகாரி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். ஏதாவது பிரச்சினையா என்று என்னிடம் மலாயில் கேட்டார். மணப்பெண் தயங்கினால் பதிவை நிறுத்திவிடுவார்கள். இன்று நின்றால் மருத்துவமனைத் தேதி போச்சு; மூட்டும் போச்சு.

"பிரச்சினை இல்லை, புவான். எங்கள் வழக்கப்படி நல்ல நேரத்துக்குக் காத்திருக்கிறோம்," என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனை மணிக்கு என்றார்.

"அப்பா, நல்ல நேரம் எப்பன்னு கேக்குறாங்க."

"அங்கிள், சீக்கிரம் சொல்லிருங்க அங்கிள்," என்றார் அண்ணன். "மத்தியானம் எனக்குக் கிளையண்ட் இருக்காரு."

அப்பா மேலே கூரையில் சுழன்ற காற்றாடியைப் பார்த்தார். கீழே அம்மாவின் முட்டியைப் பார்த்தார். வீங்கி, சேலைக்கு மேலேயே தெரிந்தது.

"சரி, ஆக்குறேன்."

"ரசமும்," என்றார் அம்மா.

"ரசமும்."

"நல்ல நேரம் பிறந்துவிட்டது, புவான்," என்றேன்.

அம்மா மனமார ஏற்றார்.

மருத்துவமனை முகப்பு அக்கா புதுச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று வாழ்த்தினார். அரசாங்கம் மூட்டை வாங்கித் தந்தது. குறித்த தேதியில் அறுவையும் நடந்தது.

மூன்றாம் நாள் அம்மா வார்டில் உட்கார்ந்திருந்தார். அப்பா வீட்டில் சமைத்து எடுத்துவந்த கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, பக்கத்துக் கட்டில் பெண்மணியிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்டார். அந்த அம்மா உப்பைக் கொடுத்துவிட்டு அப்பாவை மெச்சினார்.

"பரவாயில்லையே, இந்த வயசுலயும் உங்க வீட்டுக்காரரு சமைச்சு எடுத்தாறாரு. கல்யாணமாகி எத்தன வருஷமாச்சு?"

"முப்பது வருஷத்துக்கு மேல," என்றார் அப்பா.

"ரெண்டு வாரம்," என்றார் அம்மா.