கட்டையில் சரியாக இருந்த எஞ்சின்

என் தம்பி பழைய காருக்குப் பெரிய எஞ்சின் மாற்றிய கதையை எங்கள் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கூடவே இருந்து பார்த்தவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தம்பி டாக்சி ஓட்டுகிறவன். காருக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவன் ஸ்டாண்டுக்கு வருகிற சவாரியில் பாதிக்கு மேல் மேட்டு உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான். நாலு பேர் உட்கார்ந்தால் பாதி மேட்டிலேயே வண்டிக்கு மூச்சு வாங்கும். எல்லோரும் இறங்க வேண்டும்.

“ஏறத்தானே காசு குடுக்குறோம்? எறங்கி நடக்குறதுக்கும் சேத்தா மீட்டர் ஓடுது?” என்று ஒரு பெரியவர் கேட்டது ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. ஸ்டாண்டுத் தலைவரை எல்லோரும் மீசை என்பார்கள். அவர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கோவிச்சுக்காத தம்பி. மழைக்காலம் முடியிறதுக்குள்ள நாலு பேரோட மேடு ஏறணும். இல்லேன்னா உன் எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்.”

அந்த இடம் போனால் அவனுக்குச் சவாரி கிடையாது. வேறு பிழைப்பும் தெரியாது.

தன் எஞ்சினைக் கொடுத்துவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் பெரிய எஞ்சினை வாங்கினான். அதைத் தனி ஆளாக ஏற்றி இறக்கிப் பார்க்க முடியாது. அதனால் பலகையும் அட்டையும் கொண்டு அதே அளவில் ஒரு பொய் எஞ்சின் செய்தான். தையல்காரி நான், துணிக்குக்கூட அவ்வளவு அளவெடுத்ததில்லை. அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் கார் நிற்கும் கொட்டகைக்கும் நடப்பான். பானெட்டுக்குள்ளே வைத்துப் பார்ப்பான், எடுப்பான், இடிக்கிற இடத்தைத் தட்டி ஒதுக்குவான். ரேடியேட்டரை முன்னால் நகர்த்தினான். கியர் கம்பிக்குப் புது ஓட்டை வெட்டினான்.

“எஞ்சினுக்கும் சோறு போடட்டுமா, இல்ல பெட்ரோலே போதுமா?” என்பாள் அவன் மனைவி.

“மொதல்ல அதுக்குப் போடு. நாளைக்கு அதுதான் நமக்குப் போடப்போவுது.”

பக்கத்துப் பட்டறை வெல்டரும் நானும் உதவ, சங்கிலிக் கப்பியில் கட்டி நிஜ எஞ்சினை இறக்கினான். எங்கேயும் உரசவில்லை. போல்ட்டுகள் அதனதன் ஓட்டையில் போய் உட்கார்ந்தன. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. பானெட்டும் அழகாக மூடியது.

“எப்படிக்கா?” என்றான். நான் பெருமையோடு பானெட்டைத் தட்டிக்கொடுத்தேன்.

ஓட்டிப் பார்க்க வண்டியை வெளியே எடுத்தோம். தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ‘கடக்’ என்று ஒரு சத்தம். வண்டியின் மூக்கு தாழ்ந்து நின்றுவிட்டது. தம்பி இறங்கிக் கதவைச் சாத்தினான். சேரவில்லை. இன்னொரு முறை ஓங்கிச் சாத்தினான். காரின் உடம்பே முறுக்கிக்கொண்டிருந்தது.

வெல்டர் அடியில் படுத்து, எஞ்சினைத் தாங்கும் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் அது உள்ளே போனது.

“தம்பி, இங்க இரும்பே இல்ல. பெயின்ட்தான் நின்னுக்கிட்டிருக்கு.”

“தகடு வெச்சுப் பத்த வெச்சுருங்கண்ணே.”

“எதுலப்பா பத்த வெக்க? புடிச்சுக்க ஏதாவது இருக்கணும்ல?”

தம்பி என் பக்கம் திரும்பினான். “கட்டையில எல்லாம் சரியா இருந்துச்சேக்கா.”

கட்டைக்கு ஏது கனம்? நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தவன் அதை நினைக்கவில்லை. கூட இருந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீசை வீட்டுக்கே வந்தார். “வண்டி போனாப் போகுது. இன்னொருத்தர் காரை ஓட்டுறியா? நான் பேசுறேன்.”

“எடத்தைக் குடுத்துருங்கண்ணே” என்றான் தம்பி. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவன் தலை நிமிரவே இல்லை.

மழைக்காலம் முடிந்துவிட்டது. அவன் இடத்தில் இப்போது வேறு கார் நிற்கிறது. அவன் மனைவி தினமும் என்னிடம் வந்து கூலிக்குச் சட்டைகளுக்குக் காஜா தைக்கிறாள். தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டால், “கொட்டகையில அந்தக் கார்லயே உக்காந்திருக்காரு அண்ணி” என்கிறாள். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.