நான்கு பேருக்கு ஒரு ஜாமீன்

ஓர் ஆங்கில ராக் குழுவின் முதல் சிடியில் என் பெயர் அச்சாகியிருக்கிறது. உறையின் உள்பக்கம், நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில். அந்தக் குழு பிறகு இங்கிலாந்தில் ஓரளவு பேர் வாங்கியது, நாலைந்து வருடம் ஓடியது, கலைந்தும் போனது. கல்லூரியில் அவர்கள் பாட்டையெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த தோழி ஒருத்தி இருந்தாள். அவளிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

அவர்கள் பேர் வாங்குவதற்கு முந்தைய கதை இது. அப்போது எனக்குப் பத்து வயது, துபாயில் அல் குசைஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு ஹோட்டலின் பணியாளர் பிரிவில் வேலை. ஊழியர்கள் அத்தனை பேருடைய பாஸ்போர்ட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் இருக்கும். சாவி அவருடைய பேண்ட் பையில். அதே ஹோட்டலில் நாற்காலி தூக்குவது, மேடை போடுவது, ஒயர் இழுப்பது எல்லாம் சித்தப்பா. விசா எடுத்து அவரை வரவழைத்தது அப்பாதான். அண்ணன் ஏசி அறையிலும் தம்பி தொழிலாளர் கேம்ப்பில் எட்டுப் பேரோடு ஒரே ரூமிலும் இருந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

அம்மா நர்ஸ். வெள்ளிக்கிழமை அவளுக்கு டூட்டி விழுந்தால் அப்பா என்னை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் சித்தப்பாவிடம் விட்டுவிடுவார். அப்படித்தான் அந்த நான்கு பேரையும் பார்த்தேன். வடக்கு இங்கிலாந்தில் ஏதோ மழை ஊர்க்காரர்கள், இருபது இருபத்தொன்று வயதிருக்கும். துபாய் வெயிலில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு திரிவார்கள். ஆறு மாத ஒப்பந்தத்தில் ஹோட்டல் பாரில் பாட வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டுகளைத்தான் பாட வேண்டும், சொந்தப் பாட்டு கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததாம். ஒருநாள் ஆசை தாங்காமல் ஒன்றைப் பாடிவிட்டார்கள். மேனேஜர் அடுத்த நாள் காலையில் நான்கு பேரையும் நிற்கவைத்துத் திட்டினார் என்று அப்பா சொன்னார்.

அதனால் சொந்தப் பாட்டுகளை வெள்ளிக்கிழமை மதியம் காலியாகக் கிடக்கும் விருந்து ஹாலில்தான் பாடிப் பார்ப்பார்கள். கேட்கிறவர்கள் நானும் சித்தப்பாவும் மட்டும். சித்தப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடித்ததா என்பது சந்தேகம். ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தூக்கிய நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டுவார். "யாருமே கேக்கலேன்னா பாடுறவனுக்கு நெஞ்சு வத்திப் போயிரும் ஆத்தா" என்பார் என்னிடம். எங்கள் பக்கத்தில் சின்னப் பெண்ணையும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டு தரப்புக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். சித்தப்பாவின் ஆங்கிலம் யெஸ் சார், நோ சார் என்பதோடு முடிந்துவிடும் என்பது என் எண்ணம். ஆறு வருடமாக அந்த ஹோட்டலில் காது திறந்து வேலை செய்கிற மனிதர் என்பது என் கணக்கில் வரவில்லை. பாடுகிற பையன் ஒல்லிக்குச்சி, காது மடலெல்லாம் வெயிலில் சிவந்து கிடக்கும். சிடி போட்டால் உன் பெயரை அதில் போடுவேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புக்குச் சொல்லியும் விட்டேன்.

லண்டனிலிருந்து அவர்களுக்கு அழைப்பு வந்தபோது ஒப்பந்தம் பாதிதான் முடிந்திருந்தது. சிடி போடுகிற ஒரு கம்பெனி அவர்கள் பாட்டை நேரில் கேட்க விரும்புகிறதாம். மேனேஜர் பத்து நாள் லீவு தர ஒப்புக்கொண்டார், ஆனால் ஜாமீன் கேட்டார். அது அங்கே வழக்கம்தான். அவசரமாக ஊருக்குப் போகிறவன் திரும்பி வருவான் என்று வேறொரு ஊழியர் கையெழுத்துப் போட வேண்டும். போனவன் வராவிட்டால் போட்டவனுடைய பாஸ்போர்ட் அலமாரியை விட்டு வெளியே வராது. வெள்ளைக்காரனுக்கும் இங்கே அதே சட்டம்தான் என்று மேனேஜர் பெருமையடித்துக்கொண்டார். பாரில் வேலை பார்த்த யாரும் கையெழுத்துக்கு முன்வரவில்லை.

கடைசியில் சித்தப்பாவிடம் வந்தார்கள். சித்தப்பாவுக்கு ஆவணியில் லீவு. போன லீவில் கல்யாணமாகி நாற்பது நாள் சித்தியோடு இருந்துவிட்டு வந்தவர். ஒன்றரை வயது மகளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். தான் வந்துதான் காதுகுத்து என்று சொல்லி வைத்திருந்தார்.

பாடுகிற பையன் என் உயரத்துக்குக் குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கம்பெனிக்கு எங்களைப் பிடித்துவிட்டால் நாங்கள் திரும்பி வராமல் போகலாம். இதை உன் சித்தப்பாவிடம் கட்டாயம் சொல். தெரிந்துகொண்டு அவர் முடிவு செய்யட்டும், மாட்டேன் என்றால் எங்களுக்குக் கோபமில்லை. ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. சித்தப்பா மாட்டேன் என்றால் லண்டன் இல்லை, சிடி இல்லை, என் பெயரும் இல்லை என்பதும் புரிந்தது.

"பத்து நாள்ல வந்துடுவாங்களாம் சித்தப்பா" என்றேன்.

சித்தப்பா அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இம்புட்டு நேரம் பேசுனானே ஆத்தா, இம்புட்டுத்தானா சொன்னான்?"

"ஆமா சித்தப்பா. மிச்சமெல்லாம் தேங்க்ஸ்."

கையெழுத்து என்றால் எனக்கு அப்போது தெரிந்தது மார்க் அட்டையில் அப்பா போடுவதுதான். சித்தப்பாவை அப்பா தடுத்துத்தான் பார்த்தார், யாரையும் நம்பி இதைச் செய்யாதே என்றார். பத்து நாளில் வந்துவிடுவார்கள், பிள்ளையே கேட்டுச் சொல்லிவிட்டது என்று சித்தப்பா என் தலையைத் தடவிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அன்று மிகவும் பெருமையாக இருந்தது.

அவர்கள் வரவில்லை. மூன்றாவது வாரம் வருத்தம் தெரிவித்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. மேனேஜர் சித்தப்பாவின் லீவை ரத்து செய்தார், ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சே கூடாது என்றார். ஆவணி போனது, காதுகுத்தைத் தள்ளிவைத்தார்கள்.

கார்த்திகையில் ஊரிலிருந்து போன் வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. மறுநாள் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், மூளைக்காய்ச்சலாம். சித்தப்பா மேனேஜர் அறை வாசலில் ஒரு முழுப் பகல் நின்றார். உள்ளே போய்ப் பேசிய அப்பாவிடம் மேனேஜர், வெள்ளைக்காரர்களை முதலில் வரச் சொல், கலாஸ் என்று அரபியில் பேச்சை முடித்துவிட்டார். அலமாரிக்கும் வாசலுக்கும் பத்தடி தூரம் இருக்காது. அப்பா சாவியைத் தொடவில்லை. தொட்டால் அவர் வேலையும் எங்கள் மூன்று பேர் விசாவும் போய்விடும். அது தெரிந்துதானோ என்னவோ, சித்தப்பா கடைசிவரை அண்ணனிடம் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்குத்தான் தகவல் வந்தது. அம்மா போனைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மேனேஜர் மனமிரங்கி ஒரு வாரம் லீவு கொடுத்தார். சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். இனிமேல் போய் யாரைப் பார்க்க என்று கேட்டார். அங்கே சித்தி இருக்கிறாளே என்று சொல்லக்கூட அப்பாவுக்கு வாய் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா வற்புறுத்தி நாலு வாய் சாப்பிட வைத்தாள். அப்பா பொருமிக்கொண்டே இருந்தார். தன் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அந்த நான்கு பேர் மேல் கொட்டினார். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள், உருப்படவே மாட்டார்கள் என்றார். என்னைப் பார்த்து, "உங்கிட்ட என்னதான் சொன்னானுங்க?" என்று கேட்டார்.

"வந்துடுவோம்னுதான் சொன்னாங்கப்பா" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

சித்தப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. "அந்தப் பையனைத் திட்டாதீங்கண்ணே. அவன் பொய் சொல்லல."

இவ்வளவு நடந்த பிறகும் இப்படிப் பேசுகிறானே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இந்த சித்தப்பா சுத்த ஏமாளி, ஏமாந்ததுகூட இவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அந்தப் பையன் சொன்னது அன்று அந்த ஹாலிலேயே அவர் காதில் பாதியாவது விழுந்திருக்கிறது என்றும், விழுந்ததை ஒதுக்கிவிட்டு நான் சொன்னதை நம்பியிருக்கிறார் என்றும், இப்போது என் அப்பா முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் எனக்குத் தெரியவில்லை. மோர் கேட்டார், ஊற்றிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டேன்.