ஊர் கார்டு

தமிழ்நாட்டு எல்லை தாண்டி வந்து மட்டாஞ்சேரி அரிசி குடோனில் மூட்டை தூக்கிய என் கணவர், எங்கள் ரேஷன் கார்டைத் தேனியிலிருந்து இங்கே மாற்றவே விடவில்லை. “மாத்திட்டா நாம ஊர்க்காரங்க இல்லைன்னு ஆயிடும்” என்பார். அரசாங்க மருத்துவக் காப்பீடும் அந்தக் கார்டை வைத்துத்தான்.

அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இங்குள்ள ஆஸ்பத்திரியில் உடனே ஆப்பரேஷன் என்றார்கள். “சேச்சி, இது தமிழ்நாட்டு கார்டு, இவிடெ எடுக்கில்லா” என்றாள் கவுண்டர் பெண்.

“இதுவும் சர்க்கார் கார்டுதானேம்மா” என்றேன். அவள் கார்டைத் திருப்பித் தந்து, முன்பணம் கட்டச் சொன்னாள்.

கையில் முன்பணம் இல்லாததால் ஊருக்கே வண்டி பிடித்தோம். எல்லையிலுள்ள குமுளி வருமுன்பே போய்விட்டார்.

இப்போது கார்டை மாற்றிவிட்டேன். புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களிடமும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். “ஊர் விட்டுப் போயிடுமே அக்கா” என்று தயங்குகிறார்கள்.

“எங்க வீட்டுக்காரர அங்கதான் பொதைச்சிருக்கோம். ஊர் எங்கயும் போகாது” என்பேன்.