பெருப்பு உண்டோ?

எனக்குத் தெரிந்த தொழில் நடப்பது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிளம்பியவன், ஓட்டலில் மாவாட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், எதிலும் நிலைத்துத் தங்கவில்லை. கடைசியில் ஒத்துவந்தது துணி வியாபாரம். திருவனந்தபுரத்தில், சாலை பஜாரில் லுங்கியும் நைட்டியும் சேலையும் எடுத்து மூட்டை கட்டி, பொன்முடி மலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கொண்டுபோவேன். பஸ் எப்போதாவதுதான் வரும். அது இறக்கிவிட்ட வளைவிலிருந்து லயம் லயமாக நடை. நடப்பதற்காகத்தான் அந்த வியாபாரத்தையே பிடித்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு சிறுநீரகங்களும் போயின. முதலில் முகம் வீங்கியது, பிறகு கால்கள் தூண் மாதிரி ஆயின. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸில் போட்டார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து மிஷினில் கழுவித் திரும்ப ஏற்றுவார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பேன். சில வாரங்களில் கால் வற்றிப் பழைய குச்சியானது. தம்பானூரில் ஒரு லாட்ஜின் பின்பக்கத்தில் அறை எடுத்து, அங்கிருந்து பஸ்ஸில் போய்வந்தேன்.

டாக்டர் மலையாளி, வயது குறைந்த பெண். ஒவ்வொரு முறையும் கட்டிலருகே நின்று கேட்பார்.

"காலில் பெருப்பு உண்டோ?"

"இல்ல டாக்டர். நல்லா வத்திருச்சு."

வேட்டியை முழங்கால்வரை தூக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக் காட்டுவேன். நீர் கோத்திருந்த நாட்களில் அழுத்திய இடம் குழியாகவே நிற்கும். இப்போது குழி விழவில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொன்ன திருப்தி எனக்கு. பள்ளிக்கூடத்தில் அது கிடைத்ததில்லை.

இதற்கிடையில் பாதத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோலத் தொடங்கியது. பிறகு ஊர்வதும் நின்று, பாதத்தில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நடப்பதுபோல ஆனது. குளிக்கும்போது கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போட்டால் சுவரில் சாய்ந்துவிடுவேன். ரத்தம் குறைந்தவனுக்குத் தெம்பு இருக்காது, படுத்தே கிடந்தால் கால் மரத்துத்தான் போகும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதை டாக்டரிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்றிருந்தேன்.

ஒரு நாள் வார்டுக்குள் நுழைந்தபோது நர்ஸ் என் காலைப் பார்த்தாள். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். பேச்சில் பாதி மலையாளம்.

"அண்ணாச்சி, மத்த செருப்பு எவிட போச்சு?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால், ஓரத்தில் ரத்தம். பஸ்ஸிலேயே கழன்றிருக்க வேண்டும். உச்சி வெயிலில் தார் ரோட்டில் நடந்து வந்திருக்கிறேன்.

"ஒத்தச் செருப்பு, இது புதிய பேஷனாக்கும்," என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "கழண்டது அறிஞ்சில்லையா?"

"இல்லம்மா."

அவள் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டருக்குக் கொஞ்சம் கோபம். "ஞான் எப்பழும் சோதிக்குன்னதல்லே, பெருப்பு உண்டோன்னு?"

வழக்கம்போல வேட்டியைத் தூக்கி அழுத்திக் காட்டினேன். "பாருங்க டாக்டர், வீக்கமே இல்ல."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அண்ணாச்சி, பெருப்புன்னா வீக்கமில்ல. மரத்துப்போய் சுருசுருன்னு வருமில்லா, அதாக்கும். வீக்கத்துக்கு நீருன்னு பறையும்."

எனக்குத் தெரிந்தது பேரம் பேசும் மலையாளம். விலை, அளவு, சாயம் போகாது, அடுத்த மாதம் வருகிறேன். உடம்பின் சொற்கள் அதில் இல்லை. பெருப்பு என்றால் கால் பெருத்திருப்பது என்று எடுத்துக்கொண்டேன். 'வற்றிவிட்டது' என்று நான் சொல்லி அழுத்திக் காட்டியதை, அழுத்துவது தெரிகிறது, மரத்துப்போனது சரியாகிவிட்டது என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மாதக்கணக்கில் வேறு வேறு காலைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

காயத்துக்கு மருந்து வைத்த பிறகு டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். குண்டூசி, பஞ்சு, தட்டினால் அதிரும் ஓர் இரும்புக் கவை. ஒவ்வொன்றையும் வைத்து, "அறியுன்னுண்டோ?" என்றார். பெருவிரலில் வைத்ததா, வைக்கவில்லையா என்றே தெரியவில்லை. முழங்காலுக்குக் கிட்டே வந்த பிறகுதான் அதிர்வு தெரிந்தது. அப்புறம் நரம்பில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் வெளியேற்றாத கழிவு ரத்தத்தில் தங்கி நரம்பைக் கெடுத்திருக்கிறது. நீளமான நரம்பு முதலில் அடிபடும், அதனால் பாதம். டயாலிசிஸைக் கூட்டினால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் உணர்ச்சி மெதுவாகத் திரும்பலாம். திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை.

"பொன்முடி ஏற முடியுமா டாக்டர்?"

"ஆத்யம் பாத்ரூமில் வீழாதே நிக்கூ," என்றார். முதலில் பாத்ரூமில் விழாமல் நிற்க வேண்டுமாம்.

ஊரிலிருந்து அக்கா வந்தாள். பீடி சுற்றுகிறவள், மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. பரிசோதனையில் அவளுடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்தியது.

"ஏல, காலு சரியாவதுக்குக் கிட்னி வேணுமாம்லா. என்ன ஊருல இது."

"காலுக்கு மட்டும் இல்லக்கா."

"எதுக்கோ, எடுத்துக்க. ஆனா ஒண்ணு. என் கிட்னி ஒரே எடத்துல இருந்து பழகுனது. ஒன்னய மாதிரி ஊர் சுத்தாது, பாத்துக்க."

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. முகம் தெளிந்தது, சோறு ருசித்தது. கால் மட்டும் வரவில்லை. வலியசாலையில் சின்ன வாடகை வீட்டில் இருவரும் இருந்தோம். பின்வார் வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு, பாதத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்து, கோயில் வரை போய்த் திரும்பினேன். மாதங்கள் அப்படிப் போயின. வாசலில் பஸ் ஏற ஓடுகிறவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து தேடினேன், எறும்பு இல்லை. அடுத்த நாளும் ஊர்ந்தது. அந்த வாரம் செக்கப்புக்கு அக்காவும் கூட வந்தாள். டாக்டர் கேட்டார்.

"பெருப்பு உண்டோ?"

"உண்டு டாக்டர், உண்டு," என்றேன், பக்கத்து அறைக்கும் கேட்கும்படி.

டாக்டர் சிரித்தார். செத்துக் கிடந்த இடத்தில் அது வந்தால் நல்ல செய்தி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

"என்னது, பெருத்துட்டா?" அவள் முகம் வெளுத்துவிட்டது. தான் கொடுத்ததும் போயிற்று என்று நினைத்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, என் வேட்டியை விலக்கி, கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தினாள். "எங்கல வீங்கியிருக்கு? குழி விழலியே."

"அக்கா, நகத்த வெட்டு. வலிக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அக்கா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு இன்னும் கீழே அழுத்தினாள்.

"இது?"

"தெரியுது."

"இது?"

"கொஞ்சம்."

பெருவிரலுக்கு வந்தபோது ஒன்றும் இல்லை. அது இன்றுவரை சரியாக வரவில்லை. அதனால் பெரிய நஷ்டமில்லை.

அடுத்த கோடையில் சின்ன மூட்டையோடு பொன்முடி பஸ் ஏறினேன். அக்காவும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக்கா வார?"

"என் கிட்னி எங்க போவுதுன்னு பாக்காண்டாமால?" என்றாள்.