வலது மூலையில் ஒரு படகு

இணையப் பக்கத்தில் எழுத்தை உட்கார வைத்துவிடலாம், அழகுக்கு வைக்கும் படத்தை உட்கார வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் தெரியும். காரைக்காலில் ஒரு பிரவுசிங் சென்டர் மாடியில் நான் பக்கம் செய்துகொடுத்த காலம் அது. திருவேட்டக்குடி சபாபதி அண்ணனுக்குச் சொந்தப் படகும் கருவாட்டு வியாபாரமும் உண்டு. துபாயில் கடை வைத்திருக்கும் நம்மூர் பாய் ஒருவர் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்ய வேண்டும். அந்த ஒரு போனுக்காகத்தான் பக்கமே.

அணியம் எந்தப் பக்கம்?

பக்கத்தில் எது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் சி.எஸ்.எஸ்.ஸில் இரண்டு வரி எழுதி, படகுப் படத்தை வலது மூலையில் வைத்தேன். அணியம், அதாவது படகின் முன்பக்கம், எழுத்தைப் பார்த்தபடி இருந்தால்தான் அழகு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்கு முகமே சரியில்லை.

"ஏம்மா, மேப்புல பாத்தா கடலு கெழக்கால, வலது கைப்பக்கமல்ல இருக்கு? அணியம் கரையப் பாத்து நிக்குதே. மீனு படாம திரும்பி வர்ற மாதிரி இருக்கு."

திருப்பிய படகு

படம்தானே என்று இடவலமாகத் திருப்பிவிட்டு டீ சொன்னேன். டீ வருவதற்குள், படகில் எழுதியிருந்த பதிவு எண்ணும் சேர்ந்து திரும்பியிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"இந்த நம்பரோட கடலுக்குப் போனா புடிச்சு உள்ள வச்சிருவாங்கம்மா."

கொஞ்சம் பெருசா

கடற்கரைக்கே போய், படகை மறுபக்கத்திலிருந்து படம் பிடித்து வந்தேன். அணியம் கிழக்கே, எண்ணும் நேராக. அதே மூலையில் பொருத்தினேன். பக்கத்திலேயே போன் நம்பர். என் திரையில் இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. அண்ணனுக்கு அதுவும் போதவில்லை.

"இன்னும் கொஞ்சம் பெருசாப் போடும்மா. துபாய்ல உள்ளவருக்குத் தெரிய வேணாமா?"

வராத போன்

படகைப் பெரிதாக்கிப் பக்கத்தை ஏற்றியும் போன் வரவில்லை. அண்ணன் செல்போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது. கடைசியில் பாய் பெருநாளுக்கு ஊருக்கு வந்தார். அண்ணன் அவரைக் கையோடு எங்கள் மாடிக்கே அழைத்து வந்துவிட்டார்.

"பேசத்தாங்க நெனச்சேன். எங்க கடையில சின்னத் திரை. அதுல உங்க படகு நம்பரு மேலயே நங்கூரம் போட்டு நிக்குது" என்றார் பாய். சொல்லிவிட்டு, நெத்திலிக் கருவாடு எவ்வளவு அனுப்ப முடியும் என்று விசாரித்தார். எனக்கு உயிர் வந்தது. படகை நகர்த்திவிடுகிறேன் அண்ணே என்று எழுந்தேன்.

"படகத் தொடாதம்மா, அது கடல்ல நிக்கிது. நம்பரக் கொண்டாந்து கரையில போடு."

அன்றிலிருந்து யாருக்குப் பக்கம் செய்தாலும், கடல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டுதான் முதல் படத்தைத் தொடுகிறேன்.